நற்சாட்சியின் நாலாம் வரி

கொச்சி,
14-6-1953

அன்புள்ள அக்காளுக்குக் கபிரியேல் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஈரத்தில் அம்மையின் முட்டுவலி கூடியிருக்குமே என்றுதான் கவலை. போன மாதம் கொடுத்துவிட்ட தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

இங்கே மழை தொடங்கிப் பத்து நாளாகிறது. செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. தேயிலைப் பெட்டிகளும் மூன்று ஆட்களும் இருந்த எங்கள் கம்பெனிச் சரக்குப் படகு ஒன்றை மோட்டார் லாஞ்சு கட்டி இழுத்து வந்தது. காயல் கடலோடு சேரும் வாயில் வடம் அறுந்துவிட்டது. நீரோட்டம் படகைக் கடலுக்குள் கொண்டுபோனது. லாஞ்சைப் பக்கத்தில் விட்டால் இரண்டும் மோதிச் சிதறும். எல்லாரும் கத்திக்கொண்டு நிற்கையில், லாஞ்சில் வேலை பார்க்கும் சிலுவைதாசன் அண்ணன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். போன கிறிஸ்மஸுக்கு என்னோடு நம் வீட்டுக்கு வந்தாரே, தேங்காய்ப்பட்டணத்துக்காரர், அவர்தான். அலைக்குள் காணாமல் போவதும் தலை தெரிவதுமாக நீந்திப் படகைப் பிடித்து, கயிற்றின் வழியாகப் புது வடத்தை இழுத்துக் கட்டினார். மூன்று பேரும் பிழைத்தார்கள். அவருக்கு இரண்டு உள்ளங்கையும் கிழிந்துவிட்டது.

லாஞ்சு ஓட்டும் ஸ்ராங்கு பரீட்சைக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்காக மானேஜர் துரை ஒரு நற்சாட்சிக் கடிதம் கொடுக்கிறார். மற்றவை அடுத்த கடிதத்தில்.

உன் தம்பி,
கபிரியேல்


சேசு மரி சூசை

இராஜாக்கமங்கலம் துறை,
25-6-1953

அன்புத் தம்பி கபிரியேலுக்கு அக்காள் எழுதியது. உன் கடிதம் கிடைத்தது. அம்மைக்கு முட்டுவலி உண்டு. ஆனால் பூசைக்கு நடந்தே போகிறாள். தைலம் பாதி இருக்கிறது.

இங்கே ஆனிக் காற்று அடிக்கிறது. எட்டு நாளாக வள்ளம் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மேற்குப் பக்க ஓலை பறந்துபோய், இரண்டு வகுப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறேன். பூங்கனி டீச்சர் பிரசவத்துக்குப் போயிருப்பதால் அவள் வகுப்பும் என் தலையில்தான். நான் வாய்ப்பாடு சொன்னால் இவர்கள் ஆத்திசூடி சொல்கிறார்கள். மாமா வந்தார், உன்னைக் கேட்டார். முற்றத்து முருங்கை சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நீ மழையில் நனையாதே. கொச்சியில் காய்ச்சல் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

உன் அக்காள்,
ஜெபமணி

அந்த ஆளுக்குக் கை எப்படி இருக்கிறது? கயிறு அறுத்த புண் உப்புத் தண்ணீர் பட்டால் ஆறாது. வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்.


கொச்சி,
12-7-1953

அன்புள்ள அக்காளுக்கு, நான் சுகம். காய்ச்சல் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டுப் போய்விட்டது. முருங்கை பிழைத்ததா?

நீ கடைசியில் எழுதியிருந்ததைச் சிலுவைதாசன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் வந்து, "ஆறிப்போச்சுன்னு எழுது" என்றார். ஆறவில்லை, அக்கா. ஆனால் அப்படி எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இனி எழுதப்போவதை நீ கோபப்படாமல் வாசிக்க வேண்டும். அவருக்கு முப்பத்திரண்டு வயது. தாய் மட்டும் ஊரில். குடி கிடையாது. உன்னைக் கேட்கச் சொல்லி அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லுகிற ஆளும் இல்லை. நானாகத்தான் மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். மாமா எப்போதும் எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் நம்புவார். அதனால் மானேஜர் கையெழுத்துப் போட்ட அந்த நற்சாட்சியின் நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதை வாசித்தால் மறுபேச்சு இருக்காது.

என்னையும் தங்கச்சியையும் கரையேற்றிவிட்டு நீ இருபத்தொன்பது வயதிலும் சாய்ந்த முருங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

உன் தம்பி,
கபிரியேல்


சேசு மரி சூசை

இராஜாக்கமங்கலம் துறை,
3-8-1953

அன்புத் தம்பிக்கு, நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். கோபம் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் கண்டதும் மாமாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நகல் இங்கிலீஷில் இருந்ததால், என்னிடம் கேட்பது முறையில்லை என்று நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார். கோர்ட்டு வாசலில் மனு எழுதும் செல்வதாஸ் ரைட்டர் வாசித்துச் சொன்னாராம். சாயங்காலம் மாமா முகம் கறுத்து வந்து அம்மையிடம் சொன்னார்:

"அக்கா, இந்தப் பேச்ச விட்டுரு. அந்தப் பய தன் கையாலேயே தன் உயிர மாய்ச்சவன்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்."

"உயிரோடதானல இருக்கான்? கிறிஸ்மஸுக்கு இங்க வந்து மீன்கறி தின்னுட்டுப் போனானே" என்றாள் அம்மை.

"நானும் அதத்தான் ரைட்டர்ட்ட கேட்டேன். அப்படின்னா சாவப் போயிருப்பான், ஆளுவ இழுத்துப் போட்டிருப்பாங்கன்னு சொன்னாரு. இன்னைக்குத் தண்ணியில குதிச்சவன் நாளைக்கு எங்க குதிப்பானோ. நம்ம பிள்ளைய எப்படிக் குடுக்க?"

பிறகுதான் நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நாலாம் வரியில் இருக்கிறது. 'டுக் ஹிஸ் லைஃப் வித் ஹிஸ் ஓன் ஹாண்ட்ஸ்.' ரைட்டர் மேல் குற்றமில்லை. எழுதியிருப்பதற்கு அதுதான் அர்த்தம்.

மறுநாள் கன்னியர் மடத்தில் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். ஆபத்து என்று தெரிந்தும் துணிந்து போனான் என்பதற்கு இங்கிலீஷில் 'டுக் ஹிஸ் லைஃப் இன் ஹிஸ் ஹாண்ட்ஸ்' என்று எழுத வேண்டும். 'இன்' இருக்கிற இடத்தில் 'வித்' வரக்கூடாது. 'ஓன்' வேண்டவே வேண்டாம். கை என்ற சொல்லை விட்டுவிட்டு 'டுக் ஹிஸ் லைஃப்' என்று மட்டும் நிறுத்தினாலும் செத்துப்போனவன் ஆகிவிடுவான். நம் பேச்சில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான் என்றால் அவன் பயந்து ஓடுகிறவன். அவர்கள் பேச்சில் உயிரைக் கையில் எடுத்தவன் ஆபத்துக்கு நேராகப் போகிறவன். தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதுகிற யாரும் தவறக்கூடிய இடம்தான்.

உங்கள் ஆபீஸில் இதை எழுதினவர் யாரோ, அவரிடம் சொல். பரீட்சைக்கு அனுப்பின காகிதத்திலும் இப்படியே இருந்தால் அந்த ஆளுக்குக் கெடுதலாக முடியும்.

மாமாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. நான் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும்.

உன் அக்காள்,
ஜெபமணி


கொச்சி,
9-8-1953

அக்காளுக்கு, நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. இந்த வாரம் மூன்று கப்பல், தலை நிமிர நேரமில்லை. நீ எழுதியிருந்ததை விசாரிக்கிறேன். அம்மைக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கபிரியேல்


சேசு மரி சூசை

இராஜாக்கமங்கலம் துறை,
30-8-1953

அன்புத் தம்பிக்கு, கார்டு வந்தது, தைலமும் வந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று அம்மை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கப்பல் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஓலை மாற்றிவிட்டார்கள். பூங்கனி டீச்சருக்குப் பெண்குழந்தை.

மாமா ஆரல்வாய்மொழியில் ஒரு இடம் பார்த்திருக்கிறார். பலசரக்குக் கடை. முதல் மனைவி தவறி இரண்டு வருடமாகிறது, இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர் என்கிறார்கள். மாதா பிறந்தநாள் கழிந்து வந்து பார்ப்பார்களாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன காரணம் சொல்ல?

அந்த நற்சாட்சியை இன்னொரு தடவை வாசித்தேன். நாலாம் வரியின் கடைசியில் 'லைக் எ லயன் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்று இருக்கிறது. காட்டுச் சிங்கத்தைப் போல. நீ ஐந்தாம் ஃபாரத்தில் எழுதின கட்டுரைகளில் சிங்கம் வராத கட்டுரை எனக்கு ஞாபகமில்லை. காந்தியைப் பற்றி எழுதினபோதும் அவரைச் சிங்கமாக்கினாய். வாத்தியார் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அந்த ஆளின் பரீட்சை என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுது.

உன் அக்காள்,
ஜெபமணி


கொச்சி,
8-9-1953

அன்புள்ள அக்காளுக்கு, உடம்பு சுகம்தான். மனசு இன்றைக்குத்தான் சுகம்.

அதை எழுதினவன் நான்தான். மானேஜர் துரைக்கு அன்றைக்குத் தபால் அவசரம். "நீயே எழுதிக் கொண்டுவா" என்றார். மூன்று வருடமாகச் சரக்குப் பட்டியலைத் தவிர நான் இங்கே எதையும் எழுதினதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நகலை மாமாவுக்கு அனுப்பினதே என் இங்கிலீஷை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

உன் ஆகஸ்ட்டுக் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. வேலை போய்விடும், அம்மைக்கு அனுப்ப முடியாது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். இதற்குள் பரீட்சைக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். அண்ணன் பெயர் வரவில்லை. தனக்குப் படிப்பில்லாததால் தள்ளிவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரவல் வாங்கின திசைகாட்டிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன், அக்கா.

உன் கடிதம் வந்ததும் நேரே துரையின் அறைக்குப் போனேன். நகலை மேசைமேல் வைத்தேன். வாசித்தார். நாலாம் வரியில் அவர் விரல் நின்றது.

"இந்த ஆள் இறந்துவிட்டானா?" என்றார்.

"இல்லை சார். கீழே படகில் இருக்கிறார்."

"யார் கொன்றது?"

"நான்தான் சார்."

என்னை நிமிர்ந்து பார்த்து, "கையெழுத்துப் போட்டது நான்" என்றார். அவ்வளவுதான். புதுக் காகிதம் எடுத்து, தாம் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். அதைத் துறைமுக அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் காரணத்தை என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அந்த அதிகாரி மலையாளி. "சாகத் துணிந்தவன் கையில் லாஞ்சையும் இருபது ஆளையும் எப்படிக் கொடுப்பது என்றுதான் நிறுத்தி வைத்தோம்" என்றார். குமாஸ்தாக்கள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். 'வித்' போட்டால் சாக விரும்பினவன், 'இன்' போட்டால் சாவு வரலாம் என்று தெரிந்தும் போனவன் என்று நீ எழுதினதை அப்படியே சொன்னேன். ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த வாரப் பரீட்சையில் பெயரைச் சேர்த்துவிட்டார்.

வேலை போகவில்லை. ஆறு மாதத்துக்கு என் காகிதங்களைத் தலைமைக் குமாஸ்தா பார்த்துத்தான் அனுப்புவார். அது நியாயம்தான்.

அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆரல்வாய்மொழியைப் பற்றியும். அவர் எழுந்து லாஞ்சுக்குப் போய்விட்டார். மாமாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

உன் தம்பி,
கபிரியேல்


சேசு மரி சூசை

இராஜாக்கமங்கலம் துறை,
27-9-1953

அன்புத் தம்பிக்கு, எல்லாரும் சுகம். நீ துரையின் அறைக்குப் போனதை வாசித்துவிட்டு அம்மைக்குத் தெரியாமல் உள்ளே போய் அழுதேன். வருத்தத்தில் இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் அந்த ஆள் இங்கே வந்தார். தேங்காய்ப்பட்டணத்தில் தாயைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். பரீட்சை எழுதியாயிற்று, முடிவு தெரியவில்லை என்றார். மாமாவும் இருந்தார். முந்தின நாள்தான் உன் கடிதம் மாமாவுக்குக் கிடைத்திருந்தது. ஆனாலும் ரைட்டர் சொன்னது அவர் மனசைவிட்டுப் போகவில்லை. உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்:

"இங்கிலீஷ் கிடக்கட்டும். உள்ளதச் சொல்லு. சாவணும்னு குதிச்சியா?"

"இல்ல ஐயா. சாவாண்டாம்னுதானே இடுப்புல கயிறு கெட்டுனேன்."

மாமா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் காப்பி கொண்டுவந்தேன். அதுவரை யோசித்து வைத்திராத ஒன்றை என் வாய் கேட்டுவிட்டது.

"குதிக்கும்போது பயமா இருந்துதா?"

மாமா திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னார்.

"நல்ல பேடியாட்டு இருந்துது, டீச்சர், அப்படி ஒரு பயம். கண்ண மூடிட்டுத்தான் குதிச்சேன். எல்லாரும் சிங்கம் புலின்னு எழுதுறாங்க. அதுலெல்லாம் ஒண்ணும் உள்ளதில்ல. அந்த மூணு பேர்ல ஒருத்தனுக்கு அதுக்கு முந்தின மாசந்தான் பிள்ள பெறந்துது. அது ஓர்மைக்கு வந்துது, அதான்."

"இப்போ இங்க வரவும் பேடியா?" என்று அம்மை அடுக்களையிலிருந்து கேட்டாள். அவள் இப்படிக் கேட்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"இங்க வரத்தான் கூடுதல்" என்றார் அவர்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார். வாசலில் நின்று, "நான் கேக்கணும்னு வந்தது ஒண்ணு உண்டு. கேக்காமலே போறேன். டீச்சர் யோசிச்சு வையுங்க" என்றார்.

யோசித்தாயிற்று. மாமாவிடம் பேசிவிட்டேன். ஆரல்வாய்மொழிக்காரர்கள் வரவில்லை.

உன் அக்காள்,
ஜெபமணி


கொச்சி,
11-10-1953

அன்புள்ள அக்காளுக்கு, நான் சுகம், அதைவிட மேல். சிலுவைதாசன் அண்ணன் தேறிவிட்டார். வெள்ளிக்கிழமை முதல் சின்ன லாஞ்சு அவர் பொறுப்பில். மதியம் என்னை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். துரை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, என்னை எந்தக் கணக்கில் ஏற்றினார்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

மாமா ஆள் வைத்து எனக்கு எழுதியிருக்கிறார். கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்குமுன் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்கிறார். தேங்காய்ப்பட்டணத்துத் தாய்க்கும் சம்மதம். எல்லாவற்றையும் மாமா எழுதினார். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்பதை மட்டும் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. 'பேசிவிட்டேன்' என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இங்கே ஒரு ஆள் தூங்காமல் இருக்கிறார்.

உன் தம்பி,
கபிரியேல்


சேசு மரி சூசை

இராஜாக்கமங்கலம் துறை,
2-11-1953

அன்புத் தம்பிக்கு, அம்மை சுகம். முட்டுவலியை மறந்துவிட்டுப் பலகாரத்துக்கு அரிசி இடிக்கிறாள். தங்கச்சி நாளைக்கே வருகிறாள்.

நேற்றுச் சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள் பூசையில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் இரண்டு பெயரையும் ஊரோடு சேர்த்துச் சொன்னபோது பெண்கள் பக்கம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் தலையைக் குனியவில்லை. கல்யாணம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. பள்ளிக்கூடத்தை மார்ச் வரை விடமாட்டேன், அதற்குப் பிறகுதான் கொச்சி என்று மாமா மூலம் சொல்லி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தாய். மாமாவிடம் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு, வரவேண்டாம் என்று எழுத வேண்டியிருந்தது. மாமாவுக்குக் கிட்டத்து எழுத்து சரியாகத் தெரிவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வீட்டில் சௌகரியமில்லை, மழைக்காலம், அது இது என்று மாமா சொன்னார். எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி வரியை மட்டும் நானாகச் சேர்த்தேன். பெண்ணுக்கு இன்னொருவர்மேல் மனம் இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று.

"வாசி, கேப்போம்" என்றார் மாமா. வாசித்தேன். கடைசி வரியையும் சத்தமாகத்தான் வாசித்தேன். மாமா கடலைப் பார்த்துக்கொண்டே உறையை என்னிடம் நீட்டினார். "ஒட்டு மக்கா" என்றார்.

நீ பதினாலாம் தேதியே புறப்பட்டு வா. அவரையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அக்காள்,
ஜெபமணி